கோல்ஃப் மட்டைகளை விமானத்தில் உடையாமல் கொண்டுபோக என்ன செய்யலாம்?

கேள்வி இது: "அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். அவரை ஸ்காட்லாந்துக்கு அழைத்துப்போய் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆடவைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சென்னையில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி எடின்பரோ போகிறோம். இரண்டு பேருக்கும் இரண்டு செட் மட்டைகள். ஹார்டு கேஸ் வாங்க வேண்டுமா, துணிக் கவர் போதுமா? வழியில் உடைந்தால் விமான நிறுவனம் பணம் தருமா? பேசாமல் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?"

நல்ல ஆசை சார். அப்பா தனக்குப் பழகிய மட்டைகளோடு அங்கே ஆட வேண்டும் என்று நீங்கள் நினைப்பதும் நியாயம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் சென்னையில் கோல்ஃப் மட்டை பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். ஷாஃப்ட் என்கிற தண்டை மாற்றுவது, கைப்பிடிக்குப் புது கிரிப் போடுவது, அயர்ன் என்கிற உலோகத் தலை மட்டையில் கோணம் மாறிப்போனால் சரிசெய்வது எல்லாம் அன்றாட வேலை. விடுமுறைக் காலம் முடிந்தால் விமானத்தில் போய் அடிபட்டு வந்த மட்டைகள் மேசைக்கு வரத் தொடங்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. கேஸ் கெட்டியா, துணியா என்பது இரண்டாவது கேள்விதான். பை தலைகுப்புற விழுந்தால் அந்த அடி எதன்மேல் இறங்கும், உள்ளே மட்டைகள் ஆடுவதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. விலை உயர்ந்த கேஸுக்குள் டிரைவர் என்கிற நெட்டை மட்டை இரண்டாக ஒடிந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். சாதாரணத் துணிக் கவரில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்த செட்டையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் உள்ளே கட்டிய விதத்தில் இருந்தது.

எது உடைகிறது, ஏன் உடைகிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும். அப்பாவின் டிரைவரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளம் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல் இருக்கும். பையில் உள்ள மட்டைகளில் அதுதான் நெட்டை. நுனியில் பந்தை அடிக்கும் தலைப்பகுதியான ஹெட் சுமார் 200 கிராம். அதைத் தாங்கி நிற்பது ஒரு கார்பன் ஃபைபர் குழாய். ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் விட்டம் பெரும்பாலான டிரைவர்களில் 0.335 அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர்தான். பந்தை அடிக்கும்போது வரும் விசைக்கு ஏற்றபடி இழைகளை அடுக்கிச் செய்த குழாய் அது. அந்த வேலையை அருமையாகச் செய்யும். ஆனால் பக்கவாட்டில் ஒரே புள்ளியில் நசுக்கினாலோ, ஹெட்டோடு சேரும் கழுத்தருகில் சட்டென்று மடக்கினாலோ தாங்காது. பயணத்தில் ஒடிந்து வரும் டிரைவர்களில் முறிவு பெரும்பாலும் கழுத்துக்கு மேலே ஓரிரு அங்குலத்துக்குள்தான் இருக்கும்.

ஏன் அந்த இடம்? கோல்ஃப் பையில் மட்டைகளைத் தலை மேலே வைத்துத்தான் சொருகுகிறோம். பையின் வாய்க்கு மேலே ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிராவல் கவருக்குள் போட்டதும் அந்த மேல்பகுதியைச் சுற்றி இருப்பது வெறும் காற்று. கன்வேயரில் நிமிர்ந்து வந்த பை சரிந்து விழுந்தாலோ, வண்டியிலிருந்து தலைப்பக்கமாக இறங்கினாலோ, மொத்த எடையும் முதலில் டிரைவரின் ஹெட்டில் போய் மோதும். படுத்திருக்கும் பையின் மேல் இரண்டு பெரிய சூட்கேஸ் விழுந்தால், பையின் வாய் விளிம்பு ஆப்பு மாதிரி நிற்க, ஷாஃப்டுகள் அதன்மேல் மடங்கும். இரண்டிலும் அடி வாங்குவது கழுத்துதான்.

ஸ்டீல் ஷாஃப்ட் ஒடிவது அபூர்வம். வளையும், இல்லாவிட்டால் நசுங்கிப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த ஷாஃப்டை நிமிர்த்திக் கொடுங்கள் என்று கேட்பார்கள், நான் செய்வதில்லை. பின்னால் அது ஒடிவது அதே இடத்தில்தான், ஒடிந்து பறக்கும் துண்டு பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. அப்புறம், வார்க்காமல் அடித்து உருவாக்கிய மென்மையான கார்பன் ஸ்டீல் அயர்ன்கள் இருக்கின்றனவே, அவற்றில் வேறொரு தொல்லை. வெளியே எதுவும் தெரியாது. ஆனால் கழுத்தில் கோணம் ஒன்றிரண்டு டிகிரி மாறியிருக்கும். ஆடுகிறவர் தன் ஆட்டம் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கஷ்டப்படுவார். பயணத்துக்குப் பிறகு ஒரே ஒரு அயர்ன் மட்டும் பந்தை இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ தள்ளினால் அதை அளந்து பார்க்கச் சொல்வேன்.

விமானத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏ320, 737 மாதிரி ஒற்றை நடைபாதை விமானங்களில் சரக்கு அறையின் உயரம் ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான். லோடர் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலிட்டோ குனிந்தோ பைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளி அடுக்க வேண்டும். அவருக்குக் கொடுத்திருக்கும் நேரமும் கொஞ்சம். உங்கள் கோல்ஃப் பையை மெதுவாகத் தூக்கி வைக்க அந்த இடத்தில் அவரால் முடியாது. அதற்கு அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பெரிய விமானங்களில் பெரும்பாலும் பைகளை முன்கூட்டியே அலுமினியக் கன்டெய்னர்களில் அடுக்கி, கன்டெய்னரோடு ஏற்றிவிடுவார்கள். அங்கே இழுபறி குறைவு. ஆனால் நீங்கள் நடுவில் மாறுகிறீர்கள். இறக்குவது, பிரிப்பது, டிராக்டரில் ஏற்றுவது, மறுபடி அடுக்குவது என்று எல்லாமே இன்னொரு தடவை நடக்கும். நேரடி விமானம் இருக்கிற ஊருக்குப் போகிறவர்களிடம், ஐந்தாயிரம் கூடுதலானாலும் அதையே பிடியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மேலே போனால் காற்றழுத்தம் குறைந்து டிரைவர் வெடித்துவிடும், குளிரில் ஹெட்டை ஒட்டிய பசை விட்டுப்போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது தேவையில்லாத பயம். பயணிகள் அறைக்கும் சரக்கு அறைக்கும் ஒரே அழுத்தம்தான். பசைக்கு எதிரி குளிர் இல்லை, வெயில்தான். சித்திரை மாதத்தில் நாள் முழுக்கக் கார் டிக்கியில் மட்டைகளைப் போட்டுவைப்பது விமானத்தைவிட அவற்றுக்குக் கெடுதல்.

சரி, கட்டும் விதத்துக்கு வருவோம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதல் வேலை, பையைக் காலிசெய்வது. ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. 14 இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அப்பா வருஷத்தில் இரண்டு தடவை மட்டும் தொடுகிற மட்டைகள் நிச்சயம் மூன்று நான்கு இருக்கும். அவை வீட்டிலேயே இருக்கட்டும். எடை குறையும், துணி சுற்ற இடமும் கிடைக்கும். பந்துகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு பந்து கிட்டத்தட்ட 46 கிராம். இரண்டு டஜன் என்றால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். பை விழும்போது அந்த எடையும் சேர்ந்தே மோதும். பந்துகளை சூட்கேஸில் போடுங்கள்.

இரண்டாவது, டிரைவரின் ஹெட்டைக் கழற்றுவது. 2009 வாக்கிலிருந்து பெரிய கம்பெனிகளின் டிரைவர்களில் கழுத்தின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. கூடவே அதை அளவாக இறுக்கும் சாவியாக ஒரு டார்க் ரென்ச் கொடுத்திருப்பார்கள். அப்பாவின் டிரைவர் அந்த வகை என்றால் உங்கள் கவலையில் பாதி தீர்ந்தது. ஹெட் கழன்ற பிறகு நெட்டையான மட்டையும் இல்லை, மடங்குவதற்குக் கழுத்தும் இல்லை. கழற்றுமுன் கழுத்தில் எந்த எண், எந்தக் குறி நேராக இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கே மாட்டும்போது கோணம் மாறிவிடும். கழற்றிய ஹெட்டை அதன் கவரோடு ஒரு தடித்த சாக்ஸுக்குள் போட்டு, சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். டிரைவரைவிடக் குட்டையான ஃபேர்வே வுட், ஹைபிரிட் மட்டைகளில் ஹெட் கழன்றாலும் இதேதான். ஷாஃப்ட் நுனியில் இருக்கும் உலோக உறையில் மண் படாமல் ஒரு துணியைச் சுற்றி ரப்பர் போடுங்கள். ரென்ச்சும் சூட்கேஸிலேயே போகட்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அங்கே போய் மாட்டும்போது ரென்ச் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும்வரை இறுக்குங்கள். இதை ஆட்டம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் மட்டையின் அமைப்பை மாற்றுவதை விதிகள் அனுமதிப்பதில்லை.

மூன்றாவது, தாங்குகோல். என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்திலும் இதைவிட மலிவான, இதைவிட உபயோகமான பொருள் கிடையாது. ஊன்றுகோல் மாதிரி நீட்டிக் குறைக்கக்கூடிய ஒரு அலுமினியக் கம்பு, உச்சியில் ஒரு குமிழ் அல்லது T வடிவக் கைப்பிடி. 'ஸ்டிஃப் ஆர்ம்' என்ற பெயரில் விற்கிறார்கள். பையின் நடு அறையில் அடிவரைக்கும் இறக்கி, இருக்கிற மட்டைகளில் உயரமானதைவிட இரண்டு மூன்று விரற்கடை உயரமாக நீட்டிப் பூட்டிவிட வேண்டும். பை தலைகீழாக விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது இந்தக் கம்பு. அடி கம்பு வழியாகப் பையின் அடித்தட்டுக்குப் போய்விடும், ஹெட்டுகளைத் தொடாது. வாங்கக் கிடைக்காவிட்டால் கெட்டியான மரத் துடைப்பக் கம்பை அளவாக வெட்டி, உச்சியில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கீறிச் சொருகி டேப் ஒட்டுங்கள். அதே வேலையைச் செய்யும். மெல்லிய பிளாஸ்டிக் பைப் மட்டும் வேண்டாம், அது மடங்கிவிடும். கம்பு பையின் அடியைத் தொடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். சில பைகளில் அறைகளைப் பிரிக்கும் துணி பாதியிலேயே நிற்கும். கம்பு அதில் சிக்கி நின்றால் அடி விழும்போது கீழே இறங்கிவிடும்.

நான்காவது, அசையாமல் கட்டுவது. ஹெட்டைக் கழற்ற முடியாத டிரைவர், வுட்களுக்குக் கவர் போடுங்கள். ஒரு நீளமான குளியல் துண்டை எடுத்து, பையின் வாய்க்கு மேலே ஷாஃப்டுகளுக்கு இடையில் பாம்பு நெளிகிற மாதிரி உள்ளும் வெளியுமாக நுழைத்துக்கொண்டே போங்கள். இன்னொரு துண்டை அயர்ன் ஹெட்டுகளுக்கு நடுவில் விடுங்கள். பிறகு ஹெட்டுகளுக்குக் கொஞ்சம் கீழே எல்லாவற்றையும் சேர்த்து, தாங்குகோலோடு ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். தனித்தனியாக நின்றால் ஒவ்வொன்றாக ஒடியும். விறகுக்கட்டாக இறுகிவிட்டால் அவ்வளவு சுலபத்தில் ஒடியாது. கட்டி முடித்ததும் பையைத் தூக்கி ஒரு குலுக்கு குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் கட்டு போதவில்லை. சத்தமே வரக்கூடாது.

அதற்கு மேல் ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாவற்றையும் தலைப்பகுதியைச் சுற்றித் திணியுங்கள். ஸ்காட்லாந்துக்கு அவை எப்படியும் வேண்டும். ஷூவைத் தலைப்பக்கம் வைக்காதீர்கள். அதன் கெட்டி அடிப்பாகம் ஷாஃப்டை அழுத்தும். பையின் அடிப்பக்கம் வையுங்கள். நிற்கும் கால்கள் உள்ள பை என்றால் இரண்டு கால்களையும் மடக்கிப் பட்டையால் கட்டுங்கள். மட்டை தப்பித்து, கால் உடைந்து வருகிற பைகள் நிறைய. தோள்பட்டை வாரைக் கழற்றி உள்ளே போடுங்கள். வெளியே தொங்குகிற எந்த வாரும் கன்வேயரில் மாட்டும்.

இப்போது கேஸ். இப்படிக் கட்டிவிட்டால் உங்கள் பயணத்துக்கு மேல்பகுதியில் தடித்த பஞ்சு வைத்த நல்ல துணிக் கவர் போதும் என்பது என் கருத்து. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். அடியில் சக்கரம் பதித்த பகுதி கெட்டியாக இருக்க வேண்டும், ஜிப் பற்கள் பெரிதாக இருக்க வேண்டும். ஹார்டு கேஸ் நசுங்குவதிலிருந்து காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே மட்டைகள் தளர்வாக இருந்தால் கேஸ் முழுசாக வரும், உள்ளே ஹெட் ஷாஃப்டை இடித்து உடைத்திருக்கும். கேஸின் எடையும் இரண்டு மூன்று கிலோ கூடும். அப்புறம் கார். இங்கே டாக்ஸி டிக்கியில் எரிவாயு சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். அங்கே வாடகைக் கார்கள் சிறியவை. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயிலும் கிடையாது, அந்தப் பாதையை 1969இல் மூடிவிட்டார்கள். பக்கத்து ஸ்டேஷன் லூகர்ஸில் இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். மடக்க முடியாத இரண்டு பெரிய பெட்டிகளோடு அது சிரமம். கழற்ற முடியாத பழைய டிரைவர், அப்பாவுக்கு அதன்மேல் உயிர் என்றால் மட்டும் ஹார்டு கேஸ் வாங்குங்கள். வாங்குவதானால் கீல், தாழ் இரண்டையும் பாருங்கள். முதலில் போவது அவைதான். விமானப் பயணத்துக்கான பெட்டிகளுக்கு 'ஏடிஏ 300' என்று ஒரு தர அளவு உண்டு. அதன் முதல் பிரிவில் வரும் பெட்டி குறைந்தது நூறு தடவை போய்வந்தாலும் தாங்க வேண்டும்.

விமான நிலையத்தில் கவனிக்க வேண்டியவை. மட்டைகளைக் கைப்பையாக ஏற்ற முடியாது, எங்கேயும். 2013 மார்ச்சில் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆளுக்கு இரண்டு மட்டை வரை அனுமதிப்பதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் ஜூன் மாதத்தில் கைவிட்டது. அதன் பிறகும் நிலைமை அதேதான். ஆகவே செக்-இன்தான். சில நிறுவனங்கள் மொத்த எடையைப் பார்க்கும், சில பைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும். டிக்கெட் எடுக்கும்போதே எது என்று கேட்டு, கோல்ஃப் செட் இரண்டு வருகிறது என்று முன்பதிவு செய்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சொன்னால் சின்ன விமானத்தில் இடமில்லை என்று அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள். ஒரு பை 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் எந்த நிறுவனமும் ஏற்காது. நீங்கள் 23க்குள் நிறுத்தப் பாருங்கள். இலகுவான பையைத்தான் மனிதர்கள் தூக்கி வைப்பார்கள், கனமானதை இழுத்துத் தள்ளுவார்கள்.

கவுன்டரில் டேக் போட்டதும் சாதாரண பெல்ட்டில் விடாமல், பெரிய சாமான்களுக்கான தனி இடத்துக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய டேக்குகளைக் கிழித்துவிடுங்கள். பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஏர்டேக் மாதிரி ஒரு டிராக்கரை பையின் பந்து அறையில் போட்டுவையுங்கள், அதற்குத் தடை இல்லை. அது பையை உடையாமல் காப்பாற்றாது. ஆனால் பை எந்த ஊரில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரிந்தால் கவுன்டரில் பேசும் பேச்சே வேறு. 2014 ஜூனில் ரோரி மெக்கில்ராய் ஐரிஷ் ஓப்பனுக்காக நியூவார்க்கிலிருந்து டப்ளின் வந்து இறங்கினார், மட்டைகள் வரவில்லை. உலகறிந்த ஆட்டக்காரருக்கே அப்படி. அதனால் வந்து சேர்ந்த மறுநாளே செயின்ட் ஆண்ட்ரூஸின் பேர்பெற்ற மைதானமான ஓல்டு கோர்ஸில் ஆட்டம் என்று திட்டம் போடாதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேட்டரியால் ஓடும் டிராலியை எடுத்துப்போக நினைத்தால் வேண்டாம். லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை, 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிகள் சாமானில் இடமே இல்லை. 12.8 வோல்ட், 18 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 230 வருகிறது. தூரம் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரையும் பவர் பேங்கையும் கைப்பையில் வையுங்கள்.

உடைந்தால் பணம் கிடைக்குமா என்ற கேள்விக்கு, கிடைக்கும், ஆனால் நீங்கள் விழிப்பாக இருந்தால். சர்வதேசப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். இந்தியாவும் பிரிட்டனும் அதில் இருக்கின்றன. செக்-இன் செய்த சாமான் விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் அவர்கள்தான் பொறுப்பு. உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. இன்றைய மதிப்பில் மொத்தம் சுமார் 2,000 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு பைக்கு இல்லை, ஒரு ஆளின் எல்லாச் சாமானுக்கும் சேர்த்து. அதனால் இரண்டு செட்டையும் ஒருவர் பெயரில் போடாதீர்கள். அப்பா செட் அப்பா பெயரில், உங்களுடையது உங்கள் பெயரில். செட் அதைவிட விலை அதிகம் என்றால் செக்-இன் நேரத்தில் மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணம் கட்டலாம். அப்போது வரம்பு உயரும். விளையாட்டுச் சாமானைச் சேர்க்கிற பயண இன்ஷூரன்ஸ் எடுப்பது அதைவிடச் சுலபம். ஆனால் பாலிசியில் 'ஒரு பொருளுக்கு இவ்வளவுதான்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு எடுங்கள்.

கவுன்டரில் சில சமயம் 'உடையக்கூடிய பொருள், பொறுப்பு எங்களுக்கில்லை' என்று ஒரு சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். அந்த ஒப்பந்தத்தின் 26ஆவது பிரிவின்படி, நிறுவனம் தன் பொறுப்பிலிருந்து நழுவுவதற்காக எழுதிக்கொள்ளும் நிபந்தனை செல்லாது. ஆனால் பொருளின் இயல்பான குறையாலோ பயணியின் கவனக்குறைவாலோ சேதம் வந்தது என்று அவர்கள் காட்டினால் பொறுப்பு குறையும் அல்லது இல்லாமல் போகும். 'சரியாகக் கட்டவில்லை' என்று அவர்கள் சொல்லப்போவது அந்த வழியில்தான். இதற்குப் பதில் போட்டோ. கட்டும்போது ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள்: தனித்தனி மட்டைகள், அவற்றின் சீரியல் எண், துண்டு நுழைத்த நிலை, தாங்குகோல், கவர் மூடிய பிறகு, கவுன்டரில் டேக் போட்ட பிறகு. வாங்கிய பில் இருந்தால் அதையும் போனில் வையுங்கள். இழப்பீட்டுக்காக நான் பழுதுச் சான்று எழுதிக்கொடுக்கும்போது, இந்தப் படங்கள் கையில் இருப்பவர்களுக்குத்தான் விஷயம் சீக்கிரம் முடிவதைப் பார்க்கிறேன்.

எடின்பரோவில் பை வந்ததும் அங்கேயே திறந்து பாருங்கள். எவ்வளவு அசதியாக இருந்தாலும் சரி, வெளியே போகுமுன் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மட்டையிலும் ஹெட்டும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் உள்ள கறுப்பு வளையத்தைப் பாருங்கள். இடைவெளி விட்டிருந்தால் ஹெட் நகர்ந்திருக்கிறது. ஒரு கையால் ஹெட்டையும் மறு கையால் ஷாஃப்டையும் பிடித்து லேசாக முறுக்குங்கள். நெறுநெறு என்று சத்தம் கேட்டால் உள்ளே இழை விட்டுவிட்டது. கார்பன் ஷாஃப்டில் பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். சந்தேகம் வந்த மட்டையால் ஒரு பந்துகூட அடிக்கக் கூடாது. சேதம் இருந்தால் அங்கேயே சாமான் கவுன்டரில் சேத அறிக்கை பதிவுசெய்து நகல் வாங்குங்கள். அதோடு நிற்காமல் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலமாக நிறுவனத்துக்குப் புகார் போயிருக்க வேண்டும். பை தாமதமாக வந்திருந்தால் அது கையில் கிடைத்ததிலிருந்து 21 நாட்கள். இந்தக் கெடு தாண்டிப் போனால் ஒப்பந்தம் உங்களுக்கு உதவாது. வழக்குப் போடுவதானால் இரண்டு வருடம். நடுவில் மாறியதால் எந்த நிறுவனத்திடம் கேட்பது என்று அலைய வேண்டாம். முதல் நிறுவனத்திடமும் கேட்கலாம், கடைசி நிறுவனத்திடமும் கேட்கலாம்.

வாடகை பற்றி. செயின்ட் ஆண்ட்ரூஸில் நல்ல செட்டுகள் வாடகைக்குக் கிடைக்கும். நான்கு நாள் பயணத்தில் ஒரே ஒரு ஆட்டம் என்றால் வாடகைக்கே எடுங்கள், இத்தனை பாடு வேண்டாம். ஒரு வாரம் தங்கி பல மைதானங்களில் ஆடப்போகிறீர்கள் என்றால் சொந்த மட்டைகள்தான். வயதானவர்களுக்கு இதில் ஒரு காரணம் கூடுதலாக உண்டு. அப்பாவின் செட்டில் ஷாஃப்ட் மென்மையாக இருக்கும், கிரிப் அவர் விரலுக்கு ஏற்ற தடிமனில் இருக்கும். வாடகை செட்டின் கெட்டி ஷாஃப்ட் ஒரே நாளில் முழங்கையைப் பிடித்துவிடும். உங்களுக்கு வாடகை, அப்பாவுக்கு மட்டும் சொந்த செட் என்று பிரித்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு. ஒரு பையைக் கவனமாகப் பார்த்துக்கொள்வது இரண்டைவிடச் சுலபம். ஜப்பானில் யமாட்டோ கூரியர் 1984 முதல் மட்டைகளை மைதானத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் சேவை நடத்துகிறது. ஆட்டக்காரர் ரயிலில் வெறுங்கையோடு போகிறார். நம் ஊரில் அந்த மாதிரி ஒன்று வந்தால் நான் முதலில் வரவேற்பேன்.

திரும்பி வரும் பயணம் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது பார்த்துப் பார்த்துக் கட்டியவர்கள் திரும்பும்போது அவசரத்தில் அப்படியே அள்ளிப் போடுகிறார்கள். என்னிடம் வருகிற சேதத்தில் திரும்பும் வழியில் ஆனது கணிசம். கடைசி ஆட்டத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு மாலையாவது விடுங்கள். அந்த ஊர் மழையில் மட்டை, கவர், கிரிப் எல்லாம் நனைந்திருக்கும்; ஈரத்தோடு மூடினால் சென்னை வந்து திறப்பதற்குள் வெட்ஜ் மாதிரி உலோக மட்டைகளில் துரு ஏறி, கவரில் பூஞ்சை வாடை வரும். ஹோட்டல் அறையில் எல்லாவற்றையும் விரித்துக் காயவைத்து, ஷூ அடியில் ஒட்டிய மண்ணைக் கழுவி, அதே முறையில் மறுபடி கட்டுங்கள். அப்பாவின் செட் புதியது, விலை அதிகம் என்றால், சென்னையில் கிளம்பும்போது செக்-இன் செய்யுமுன் சுங்க அதிகாரியிடம் மட்டைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி திரும்பும்போது வந்தால் அந்தத் தாளைக் காட்டினால் போதும். பையைச் சோதனைக்குக் கொடுத்த பிறகு இதை வாங்க முடியாது, பொருளை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும். அதனால் அன்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பாகவே கிளம்புங்கள்.